மேசைமேல் இருந்த கடிதம்

ஸ்கெல்பெக்
9 ஜனவரி 1934

அன்புள்ள வினிஃப்ரெட்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், அதற்கே நன்றி. நாம் கடைசியாகப் பேசிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இப்போதும் வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

வரும் மார்ச் 31-ஆம் தேதியோடு ஸ்கெல்பெக் ஊரக மாவட்டம் இல்லாமல் போகிறது. எங்கள் இருபத்து மூன்று ஊர்களையும் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். வரைபடத்தில் கோட்டை அழித்து வேறு கோடு போட்டால் தீர்ந்தது. 1894-இல் தொடங்கிய மன்றம், நாற்பது வயதில் சாகிறது. அதன் வரலாற்றை அறுபது பக்கத்தில் எழுதித் தரும்படி தலைவர் மேஜர் லாங்ஸ்டாஃப் என்னிடம் சொல்லியிருக்கிறார். கடைசி விருந்தன்று அச்சிட்டுக் கொடுப்பார்களாம். செயலாளராக இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியவனுக்குக் கடைசி வேலை.

கூட்டக் குறிப்பேடுகளை எல்லாம் இறக்கி வைத்துப் படிக்கிறேன். சாலை உருளை வாங்கியது, தொற்றுநோய் மருத்துவமனை கட்டியது, எந்த ஊர் பாலத்தைப் பழுதுபார்ப்பது என்று பதினோரு ஆண்டு அடித்துக்கொண்டது, எல்லாம் இருக்கிறது. உன் ஊர் ரேவன்கில்லுக்கு மட்டும் இரண்டு வரி தேறவில்லை. பள்ளி எப்போது கட்டினார்கள், எத்தனை வீடு, தண்ணீருக்கு என்ன வழி என்று எழுதி அனுப்புவாயா?

1921-ஐப் பற்றிச் சுகாதார அதிகாரியின் அறிக்கையில் "ரேவன்கில், மூன்று மரணங்கள்" என்று மட்டும் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் அதைச் சேர்க்கவோ விடவோ எனக்கு மனம் வரவில்லை.

உன் அண்ணன்,
அம்ப்ரோஸ்


ரேவன்கில் பள்ளி
15 ஜனவரி

ஸ்கெல்பெக் ஊரக மன்றச் செயலாளர் அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட விவரங்கள். பள்ளி 1878-இல் கட்டப்பட்டது. பதினோரு வீடுகள். இப்போது ஒன்பதில்தான் ஆள் இருக்கிறது. தண்ணீருக்கு ஒரே கிணறு. அது மேட்டுத் தொழுவத்துக்குக் கீழே இருக்கிறது என்பதைத் தங்கள் அதிகாரிகள் நாற்பது ஆண்டில் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்றும் அதே கிணறுதான்.

மூன்று மரணங்களைச் சேர்ப்பதா விடுவதா என்று கேட்கிறீர்கள். மரணங்களுக்குப் பெயர் உண்டு. நெல், ஆறு வயது, என் மகள். மார்த்தா, எட்டு வயது. டாம், நாலு வயது. இருவரும் கெசியாவின் பிள்ளைகள். இந்த மூன்று பெயரும் வராத வரலாறு எனக்குத் தேவையில்லை. வருமா வராதா என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் கோடையில் மழையே இல்லை. ஜூலையில் கிணறு அடி தெரிந்து தண்ணீர் நாற ஆரம்பித்தது. 11-ஆம் தேதி மன்றத்துக்கு எழுதினேன். தொட்டி வண்டியில் நல்ல தண்ணீர் அனுப்புங்கள், கிணற்றை மூடுங்கள் என்று கேட்டேன். ஐந்தாம் நாள் உங்கள் கையால் எழுதிய அட்டை வந்தது. "தங்கள் கடிதம் மன்றத்தில் வாசிக்கப்பட்டு, மேசைமேல் இருக்கும்படி ஆணையாயிற்று." அந்த அட்டையைக் கிணற்றடியில் பெண்களைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டினேன். கெசியாவின் புருஷன் சைலஸ், பன்னிரண்டு மைல் நடந்துபோய், மன்றத்துக்கும் மேலே இருக்கிற மேலிடத்து டாக்டரைப் பார்த்து வருகிறேன் என்றான். நான்தான் நிறுத்தினேன். "வேணாம் சைலஸ், விஷயம் அவங்க மேசைமேல இருக்கு. தலைக்கு மேல போனா கோவிச்சுக்கிட்டு அதையும் செய்யமாட்டாங்க" என்றேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றும் சொன்னேன். வைக்கோல் காட்டிலிருந்து தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை காய்ச்சினதா என்று கேட்டா குடிக்கும்?

முதல் பிள்ளை போகும்வரை ஏழு வாரம் காத்திருந்தோம். ஏழு வாரம் மேசைமேல் கிடந்த ஒரு கடிதத்தை, அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவர்கூட ஏன் கையில் எடுக்கவில்லை? பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்தவர் நீங்கள்.

சவ அடக்கத்துக்கு வராமல் மன்றத்தின் பெயரில் மலர் வளையம் அனுப்பினீர்கள். அதை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். அதையும் வரலாற்றில் எழுதிக்கொள்ளலாம்.

வினிஃப்ரெட்


ஸ்கெல்பெக்
22 ஜனவரி

அன்புள்ள வின்னி,

நீ கோபப்படுவாய் என்று தெரியும். அதைத் தாங்கிக்கொள்கிறேன். ஆனால் உன் கேள்வி எனக்குப் புரியவில்லை.

மேசைமேல் இருக்கட்டும் என்று ஆணையான கடிதத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. மன்ற வழக்கில் அதற்கு ஒரே பொருள்தான். வாசித்தாயிற்று, செய்வதற்கு ஒன்றும் இல்லை, விஷயம் முடிந்தது. முகத்தில் அடித்தாற்போல் "முடியாது" என்று எழுதாமல் மரியாதையாகச் சொல்லும் முறை அது. இந்த நாற்பது ஆண்டில் இருநூறு கடிதமாவது அப்படி முடிந்திருக்கும். வாத்தியக்காரர்கள் கொட்டகை கேட்டது, பாதிரியார் பன்றிகளைப் பற்றிப் புகார் சொன்னது எல்லாம் அந்தக் கதைதான். கூட்டம் முடிந்ததும் கட்டிக் கீழறைக்கு அனுப்பிவிடுவோம். உண்மையில் ஒரு நாள்கூட எந்தக் கடிதமும் மேசைமேல் இருந்ததில்லை.

உனக்கு இது தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மறுப்பு வந்தும் நீ ஏன் மேலிடத்துக்குப் போகவில்லை என்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. கேட்கத் துணியவில்லை.

பெயர்களைச் சேர்க்க முயல்கிறேன்.

அம்ப்ரோஸ்


ரேவன்கில்
25 ஜனவரி

அண்ணா,

எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். மேசைமேல் இருக்கிறது என்றால் கண் முன்னால் இருக்கிறது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எந்த மடையனும் அப்படித்தானே நினைப்பான்? என் வீட்டில் மேசைமேல் இருப்பது அடுத்து செய்யவேண்டிய வேலை.

அந்த அட்டை வந்த அன்றே முடியாது என்று தெரிந்திருந்தால் சைலஸை நான் தடுத்திருக்க மாட்டேன். நானே நடந்திருப்பேன். நெல்லுக்குக் காய்ச்சல் கண்டது ஆகஸ்ட் 20-ஆம் தேதி. அதற்கு முன்னால் எனக்கு ஐந்து வாரம் இருந்தது, அண்ணா. அந்த ஐந்து வாரமும் நான் எல்லாரிடமும் பொறுங்கள் பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மன்றம் கொன்றது என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினேன். இப்போது அதுவும் போயிற்று.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். சுற்றி வளைக்காதே. அன்றைக்குக் கூட்டத்தில் அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார்?

வின்னி


ஸ்கெல்பெக்
3 பிப்ரவரி

வின்னி,

ஒரு வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்தான் சொன்னேன்.

நடந்தது இதுதான். சந்தை நாள், அனாதை விடுதிக் கூடத்தில் கூட்டம். நல்ல புழுக்கம். எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். உன் கடிதத்தைக் கடைசியில் வாசித்தேன். மேஜர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இது யாருய்யா எழுதினது?" என்றார். "ரேவன்கில் பள்ளிக்கூடத்து டீச்சர்" என்றேன். "உன் தங்கச்சிதானே?" என்றார் ஒருவர். இன்னொருவர், "பாருங்கப்பா, செயலாளர் வீட்டுச் சண்டை மன்றத்துக்கே வந்திருச்சு. தண்ணி நாறுதுன்னா தங்கச்சிய ரெண்டு நாள் அவர் வீட்டுக்கு வரச்சொல்லுங்க, நல்ல தண்ணி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட முடியாது.

தங்கைக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் சுகாதார அதிகாரிக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருப்பேன். மேஜர், "என்ன செய்யலாம்?" என்று என் பக்கம் குனிந்தார். "மேசைமேல இருக்கட்டுமே, ஐயா" என்றேன். முடிந்தது. அன்றே கடிதம் கீழறைக்குப் போய்விட்டது.

அட்டையை நான்தான் எழுதினேன். உனக்கு அந்தச் சொல்வழக்கு தெரியாமல் இருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. கீழே ஒரு வரி சேர்த்து, "வின்னி, இவர்கள் செய்யமாட்டார்கள், நேரே மேலிடத்து டாக்டரைப் பார்" என்று எழுதலாமா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அலுவலக அட்டையில் அப்படி எழுதுவது முறையல்ல என்று விட்டுவிட்டேன்.

வேறு எதையும் என்னால் சரிசெய்ய முடியாது. இதை எழுதி அச்சுக்கு அனுப்ப வைத்திருக்கிறேன்: "1921 ஜூலையில் ரேவன்கில் கிணறு கெட்டுவிட்டது என்று ஆசிரியை எழுதிய கடிதத்தின் மேல் மன்றம் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. செப்டம்பருக்குள் நெல், மார்த்தா, டாம் என்ற மூன்று குழந்தைகள் டைபாய்டால் இறந்தனர்." இது வரும். என் வாக்கு.

அம்ப்ரோஸ்


ரேவன்கில்
19 பிப்ரவரி

அண்ணா,

உன்னை மன்னித்தேன் என்று எழுத உட்காரவில்லை. மன்னிக்க முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. கெசியாவிடம் போய்ச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அவள் இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். சைலஸ் போய் மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு கண்ணிலும் திரை விழுந்து வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிகிறது. மூத்த மகள் ரூத் நகரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். நான் போனபோது கெசியா கையால் தடவித் தடவி ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு, எனக்குத் தெரியவில்லை, நான் சொன்னதால்தான் நீங்கள் காத்திருந்தீர்கள் என்று.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"எங்களுக்குத் தெரியுமே, டீச்சர்."

"என்ன தெரியும்?"

"சைலஸ் மன்றத்துக்கு ரோட்டு வேலை பாத்தவருதானே. அவரு கூலி கூடக் கேட்டு எழுதினப்பவும் இதே அட்டைதான் வந்துச்சு. அன்னிக்குக் கிணத்தடியிலேருந்து வந்ததுமே, 'அவ்வளவுதான் கெசியா, தூக்கிப் போட்டுட்டானுங்க'ன்னாரு."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நான்தான் சொல்லவிடல. 'டீச்சருக்குத் தெரியாத வார்த்தையா? அவங்க அண்ணன்தானே செயலாளரு. வெளிய இப்படிச் சொல்லிட்டு உள்ளுக்குள்ள அண்ணன் மூலமா ஏதோ பாக்கறாங்க. நீங்க நடுவுல போய்க் கெடுத்துடாதீங்க'ன்னு சொல்லி உக்காரவெச்சேன். படிச்சவங்களுக்கு நான் போய் அர்த்தம் சொல்லித் தரவா?"

அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு, "அப்புறமா வேற மாதிரியும் நெனச்சேன்" என்றாள். "அண்ணன் பேரு கெட்டுடக்கூடாதுன்னுதான் நீங்க சும்மா இருந்துட்டீங்கன்னு. ஆனா நெல்லும் போயிடுச்சே. அதனால வாயத் தெறக்கல."

பன்னிரண்டு வருஷம் வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தவள், அண்ணா. அத்தனை வாரமும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளை நம்பினேன், அவள் என்னை நம்பினாள், நடுவில் மூன்று பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்.

அழுகை வரவில்லை. வந்தால் தேவலை.

கிளம்பும்போது வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் உன் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். பெயர்கள் வருகின்றன என்றேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "அச்சுலயா?" என்றாள். பிள்ளைகளை அவசரத்தில் புதைத்த இடத்தில் நாங்கள் இதுவரை கல் வைக்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. முதலில் நோய் பயம், பிறகு கையில் வசதி இல்லை, பிறகு இடத்தையே புல் மூடிவிட்டது. அவர்கள் பெயர் எங்கேயும் எழுதியில்லை. "அச்சுல வந்தா அழியாதுல்ல, டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டாள். அழியாது என்றேன்.

அந்தப் பத்தியில் ஒன்று சேர். ஆசிரியை ஊராரைக் காத்திருக்கச் சொன்னாள் என்றும் போடு. என் பங்கை மறைக்காதே. ஆனால் பெயர்கள் கட்டாயம் வரவேண்டும். எனக்காகக் கேட்கவில்லை.

வின்னி


ஸ்கெல்பெக்
24 மார்ச்

வின்னி,

புத்தகம் புதன்கிழமை உனக்கு வந்து சேரும். தெரியாமல் பிரித்துப் பார்க்கவேண்டாம் என்று முன்கூட்டியே எழுதுகிறேன்.

பெயர்கள் இல்லை.

அச்சுப் பிரதியை மேஜர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார். கத்தவில்லை, அன்பாகத்தான் பேசினார். "அம்ப்ரோஸ், இது கடைசி விருந்துல ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்துலயும் வெக்கப்போற புத்தகம். சாப்பிடறவன் பக்கத்துல செத்த பிள்ளைங்களக் கொண்டுவந்து வெக்கலாமா? நாப்பது வருஷம் உழைச்சவங்க மனசு கஷ்டப்படாதா?" என்றார். நான், "மூணு பேருதான், ஐயா" என்றேன். "உன் தங்கச்சி பொண்ணு பேரும் அதுல இருக்குல்ல? ஜனங்க என்ன சொல்லுவாங்க, யோசிச்சுப் பாரு" என்றார்.

அதே வார்த்தை, 'உன் தங்கச்சி'. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் என்னை இடித்தது, நான் அதே மாதிரி விழுந்தேன். புதிய மன்றத்தில் எனக்குத் துணைச் செயலாளர் இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை அவர் நினைவுபடுத்தவில்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன். பேனாவை எடுத்து நானே அடித்தேன். அவர் கை படவே இல்லை.

அந்த இடத்தில் இப்போது இருப்பது: "1921 கோடையில் ரேவன்கில் கிணறு குறித்து வந்த கடிதத்தை மன்றம் கவனத்தில் கொண்டது." இதுவும் என் வாக்கியம்தான்.

நான் இப்படிப்பட்டவன். நாற்பது ஆண்டுக் குறிப்பேட்டையும் படித்துப் பார்த்தாயிற்று, முழுக்க இந்த மனிதன்தான் இருக்கிறான். கெசியாவிடம் நீ எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படிச் சொல். நானே வந்து சொல்லட்டுமா?

அம்ப்ரோஸ்


ரேவன்கில்
29 மார்ச், வியாழன்

அண்ணா,

வரவேண்டாம்.

உன் கடிதம் திங்களன்று வந்தது. கெசியாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் புத்தகமே வந்துவிட்டது. தபால்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வழியில் அவளிடம், "மன்றத்துலேருந்து டீச்சருக்குப் புத்தகம் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பள்ளி விடுவதற்குள் அவள் வாசலில் வந்து நின்றாள். கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே தனியாக நடந்து வந்திருக்கிறாள்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, "படிங்க டீச்சர்" என்றாள்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து படித்தேன். நீ பிப்ரவரியில் எழுதி அனுப்பியிருந்த பத்தியைப் படித்தேன். மனப்பாடமாக இருந்தது. கண் உன் வாக்கியத்தின் மேல் இருந்தது, வாய் வேறு சொன்னது. ஊராரைக் காத்திருக்கச் சொன்னது ஆசிரியைதான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

"மார்த்தா பேரு மொதல்லயா, டாம் பேரு மொதல்லயா?" என்றாள்.

"அவங்க ரெண்டு பேரையும் வயசு வரிசையில போட்டிருக்கு."

"அப்ப மார்த்தா. அவளுக்குத்தான் மொதல்ல வரணும்னு ஆசை எப்பவும்." கொஞ்சம் சிரித்தாள். "இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். முதலில் எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவு வைத்துக்கொண்டு படிக்கவேண்டியிருந்தது. மூன்றாம் தடவையும் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். பக்கத்தின் மேல் விரலை வைத்து எந்த இடம் என்று காட்டச் சொன்னாள். நான் ஒரு இடத்தில் வைத்தேன். அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தாளைக் கொடுக்க முடியுமா என்றாள். முடியாது என்று எப்படிச் சொல்வேன்? கிழித்துக் கொடுத்தேன். நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, "நான் உங்களப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன், டீச்சர்" என்றாள்.

ஈஸ்டருக்கு அவள் மகள் ரூத் வருகிறாள். நாளை மறுநாள் மத்தியான வண்டியில். நன்றாகப் படிப்பாள். நான்தான் அவளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.

வினிஃப்ரெட்